இன்னும் நாலு நாள்

வால்பரைசோ நகரத்தில்
குன்றேறும் விஞ்ச் பெட்டிக்கு டிக்கெட் கிழிப்பவள் நான்.
ஒன்று மேலே போனால் ஒன்று கீழே வரும்,
வேறெதுவும் நடக்காத வேலை.
கூண்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
வெங்காயம் வாங்குகிற பையில் மீகா.
ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம்,
வந்தபோது அவ்வளவுதான் இருந்தாள்.
மூன்றாம் ஊசி போட்டு இன்று ஆறாம் நாள்.

பத்து என்றார் டாக்டர் ஓயார்சுன்.
ஊசியும் கடிதம் மாதிரிதான், யஸ்னா,
போட்ட அன்றே போய்ச் சேராது.
உள்ளே யாராவது பிரித்துப் படித்து
ஆள் திரட்டி வாசலுக்கு வர வேண்டாமா?
அதே மூச்சில்,
அதற்காக வீட்டில் பூட்டி வைக்காதே,
இந்த வயதில் பார்க்காததைப் பார்த்து
ஆயுசுக்கும் நடுங்குவாள் என்றார்.
பார்க்கட்டும். கேட்கட்டும். மோப்பம் பிடிக்கட்டும்.
தரை மட்டும் கூடாது.

அதனால் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.
கப்பல் சங்கு காட்டினேன், குடை காட்டினேன்,
தாடிக்காரர்கள், சக்கர நாற்காலி,
பாத்திரக் கடைச் சத்தம்.
ஊரையே காட்டியாயிற்று,
ஊரின் நிலம் தவிர.

சன்னலில் குனிகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு.
மருந்துக்கடைப் பெண் பதினாலு என்கிறாள்.
அந்தோஃபகஸ்தாவிலிருந்து என் அக்கா
ஆறு மாசம் என்கிறாள், அவள் எதையும் அப்படித்தான்.
மீன் கூடையோடு வருகிற நிபால்டோ சிரிக்கிறான்:
இந்தப் படிக்கட்டு நாய்களுக்கு எவன் ஊசி போட்டான்?
எது செத்தது, காட்டு.

செத்தவை படிக்கட்டில் படுத்திருப்பதில்லை, நிபால்டோ.

போன ஆகஸ்டில் ஒன்று இருந்தது என்னிடம்.
பெயரைச் சொல்ல மாட்டேன்.
வெயில் அடித்தது என்ற ஒரே காரணத்துக்காக
ஐந்து நிமிஷம் இறக்கிவிட்டேன்.
அடுத்த வாரம் இரண்டு ராத்திரி
மண்டியிட்டுத் தரை துடைத்தேன்,
முதலில் அதற்காக,
பிறகு அது இல்லாததற்காக.
வீட்டு வாசலுக்கு வெளியே
இன்னமும் செருப்பைக் கழற்றுகிறேன்.

இன்று பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.
பெட்டி பாதி மலையில் நின்றுவிட்டது.
உள்ளே ஒரு கர்ப்பிணி, நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
ஓடினேன், கத்தினேன், கைச்சக்கரத்தைச் சுற்றினோம்,
அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினால்
பை சாய்ந்து கிடக்கிறது.

மூன்றாம் படியில் நிற்கிறாள்.
எத்தனையோ குளிர்காலம் கண்ட அந்தப் பழுப்புக் கிழவன்,
காது பாதி இல்லாதவன், எதிரே.
மூக்கோடு மூக்கு.
நான் போட்ட சத்தத்தில்
அவன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.
அவளுக்கு என் குரல் கேட்கவே இல்லை.
நாலு காலும் நிலத்தில் ஊன்றி
வால் போன போக்கில் உடம்பு ஆட,
அந்தப் படியை நக்கினாள்.
கழுவாத படியை.

டாக்டர் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஆறு நாள் ஒன்றுமில்லாதது அல்ல என்றார்.
பத்து நாளும் எல்லாம் ஆகிவிடாது என்றார்.
அதை முன்பே சொல்லியிருக்கலாம்.
சாப்பிடுகிறாளா பார். அதைத்தான் பார்க்க வேண்டும்.
இரண்டு வாரம் பார்.

சுவரில் காஸ் கம்பெனி காலண்டர்.
பத்தாம் நாளைச் சுற்றி நான் போட்ட சிவப்பு வட்டம்
வேறு யாருடைய கல்யாணத் தேதியோ போல இருக்கிறது.
அழிக்கவில்லை. பக்கத்தில்
புதிதாய் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

ராத்திரி ஒன்றரை.
விளக்குப் போடாமல் படுத்திருக்கிறேன்.
சமையலறையில் தகரக் கிண்ணம்
டைல்ஸில் உரசி நகர்கிறது,
நிற்கிறது.

நகர்கிறது.